கர்னல் எழுதிய கடிதங்கள்

பிரான்சின் டி.எஃப்.1 தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ‘செத் ஆ உயித்’ என்று ஒரு நிகழ்ச்சி வரும். ஏழிலிருந்து எட்டு மணி வரை என்று பொருள். 2025 ஜனவரி 12 அன்று அதில் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருவர் பேசினார். ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் என்று சொல்லிக்கொண்ட யாரோ ஒருவருக்கு அவர் கொடுத்த மொத்தப் பணம் 8,30,000 யூரோ. நம் பணத்தில் ஏழு கோடிக்கு மேல்.

முதலில் நடிகரின் அம்மா பேசுவதாக இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்ததாம். மறுநாள் மகனே வந்தாராம். கவிதை, கல்யாணப் பேச்சு, பரிசுப் பொருள் என்று நாள் ஓடியது. பரிசுக்குச் சுங்கவரி கட்ட வேண்டும் என்றார்கள், கட்டினார். பிறகு சிறுநீரகப் புற்றுநோய் என்றார்கள். மனைவியோடு விவாகரத்து வழக்கு நடப்பதால் கணக்குகள் முடங்கிக் கிடக்கின்றன, சிகிச்சைக்குப் பணமில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் படுத்திருக்கும் படங்களும் வந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் தயாரித்த படங்கள். அந்த அம்மாளுக்கும் அப்போதுதான் விவாகரத்து. அதில் கிடைத்த தொகைதான் பெரும்பாலும் போனது.

நிகழ்ச்சி வந்த மறுநாளே பிரான்ஸ் முழுக்க அவரைக் கிண்டல் செய்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பிராட் பிட் படங்களை விளம்பரம் செய்ய இதைப் பயன்படுத்திக்கொண்டது. துலூஸ் கால்பந்துக் கழகம்கூட ஒரு நக்கல் பதிவு போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. தொல்லை தாங்காமல் டி.எஃப்.1 அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது. பணத்தைத் திருடியவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நம் ஊரில் சொல்தா குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். புருஷன் பிரெஞ்சுப் படையில் இருந்து பென்சன் வாங்கிப் போய்ச் சேர்ந்திருப்பார். அந்தப் பென்சனில் ஒரு பங்கு மனைவிக்கு வரும். ‘ரெவெர்சியோன்’ என்பார்கள். கடிதமெல்லாம் பிரெஞ்சில்தான். பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருப்பார்கள். இங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். நான் சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசாங்க வேலையில் இருந்தபோதே மாலை நேரங்களில் இந்த வேலையும் என்னைத் தேடி வந்துவிட்டது. உயிர்ச் சான்று, வருமானவரிப் படிவம், வங்கிக் கடிதம் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். காதல் கடிதம் 2022இல்தான் முதல்முறையாக வந்தது.

கொண்டுவந்தவர் என் பள்ளித் தோழனின் மனைவி. தோழன் ‘அன்ஃபான்த்ரி தெ மரீன்’ படையில் இருந்தவன். பெயரில் கடல் இருந்தாலும் அது தரைப்படைதான். அவன் இறந்து அப்போது ஆறு வருடம். அந்த அம்மாவுக்கு வயது அறுபத்தேழு. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர், பையிலிருந்து எடுத்தது நோட்டரி கடிதம் ஒன்று. “இத மட்டும் படிச்சிச் சொல்லுங்கண்ணே, பணம் எந்தத் தேதிக்குள்ள கட்டணும்னு பாருங்க” என்றார்.

பிரான்சில் ‘நோத்தேர்’ என்பவர் நம் ஊர் நோட்டரி மாதிரி மரத்தடியில் முத்திரை குத்துபவர் அல்ல. சொத்து, உயில், வாரிசு எல்லாம் அவர் கையில்தான். அரசாங்கம் நியமிக்கும் பெரிய பதவி. அவர்களுடைய மின்னஞ்சல் பெரும்பாலும் நோத்தேர் என்ற பெயரிலேயே முடியும். இந்தக் கடிதமோ சாதாரண ஜிமெயிலிலிருந்து வந்திருந்தது. மர்சேயில் அலுவலகம் என்று மேலே போட்டிருந்தது. கீழே பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண். ஐரோப்பியக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து எந்த நாட்டு வங்கி என்பதைச் சொல்லும். பிரான்ஸ் என்றால் எஃப், ஆர். இதில் இருந்தது எல், டி. அது லித்துவேனியா. மர்சேய் நோத்தேருக்கு லித்துவேனியாவில் என்ன கணக்கு? கணக்கின் பெயரும் ஒரு தனி ஆளின் பெயர். கேட்ட தொகை 11,000 யூரோ.

“யாரும்மா இது?” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்துக் கொடுத்தார். ஏழு மாதக் கடிதங்கள்.

ஓய்வுபெற்ற கர்னலாம். மனைவி இறந்துவிட்டாராம். ஒரே மகள். முகநூலில் தோழன் படத்தைப் பார்த்து, ‘நானும் அதே படையில் இருந்தவன்’ என்று ஆரம்பித்திருக்கிறான். இரண்டாவது கடிதத்திலேயே ‘மோன் கேர்’, என் இதயமே. நான்காவதில் ‘மா ரேன்’, என் ராணியே. எனக்கு அங்கேயே இடறியது. பிரெஞ்சில் நம் ‘நீங்கள்’ மாதிரி ‘வூ’, ‘நீ’ மாதிரி ‘தூ’. எழுபது வயதுப் பிரெஞ்சு அதிகாரி, முன்பின் பார்த்திராத விதவைக்கு இரண்டாவது கடிதத்தில் ‘தூ’ போடமாட்டார். என் வாத்தியார் காலத்தில் போட்டிருந்தால் பிரம்பு பேசியிருக்கும். கடிதங்களின் நடை வேறு ஆளுக்கு ஆள் மாறியது. காலைக் கடிதத்தில் எழுத்துப் பிழை மொய்க்கிறது, மாலைக் கடிதம் அகராதி மாதிரி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் ஷிப்ட் போட்டு எழுதுவார்கள் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அதற்குள் மூன்று முறை பணம் போயிருந்தது. மகளின் போன் ரிப்பேருக்கு 150 யூரோ. ஆஸ்பத்திரிக்கு 900. ஏதோ காப்பீட்டுக்கு 2,400. மொத்தம் 3,450. இப்போது 11,000 கட்டினால் கர்னலின் தாயார் விட்டுப்போன வீடு கைக்கு வரும், அதை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்கே வந்து குடியேறுவான். இதற்காக அந்த அம்மா வைப்புத் தொகையை உடைக்க வங்கியில் படிவம் வாங்கி வைத்திருந்தார்.

‘இது மோசடிம்மா’ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கமாட்டார் என்று தெரிந்தது. அவரே சொன்னார்: “அண்ணே, காலைல எழுந்ததும் சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்கறாரு. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கேக்கறாரு. ஆறு வருஷத்துல என்ன வேற யாரு கேட்டா?” இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வாதம் செய்தால் எழுந்து போய்விடுவார், அடுத்த கடிதத்தை வேறு யாரிடமாவது படிக்கக் கொடுப்பார். ‘உன் சொந்தக்காரர்கள் பொறாமையில் நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள்’ என்று அவன் முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தான். நாம் எச்சரித்தால் அவன் சொன்னது பலித்த மாதிரி ஆகிவிடும். இவர்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இடம்தான்.

ஆகஸ்ட் மாதக் கடைசி அது. எனக்குத் தோழன் ஞாபகம் வந்தது. வருடா வருடம் ஆகஸ்ட் 31 அன்று மெடல்களை மாட்டிக்கொண்டு, இரண்டு மூன்று பழைய சொல்தாக்களோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் வைன் குடிப்பான். ‘பசேய்’ என்பான். 1870 பிரஷ்ய யுத்தத்தில் பசேய் என்ற கிராமத்தில் அவர்கள் படை கடைசித் தோட்டா வரை நின்று சண்டை போட்ட நாள். அந்தப் படையில் ஒரு வருடம் இருந்தவனுக்கும் பசேய் தெரியும். நம் ஊரில் ஆயுத பூஜை தெரியாத மெக்கானிக் உண்டா?

“ஒண்ணு கேட்டு எழுதும்மா. வேற எதுவும் எழுதாத. இந்த வருஷம் பசேய் எங்க கொண்டாடப் போறீங்கன்னு மட்டும் கேளு” என்றேன். நானே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரி காப்பி போட்டுக் கொண்டுவருவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘என் ராணியே, நாம் இருவரும் சேர்ந்து பசேய் போவோம். அங்கே கடற்கரை மிக அழகு. உன் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடப்பேன்.’

பசேய் இருப்பது ஆர்தென் பகுதியில், செதான் பக்கத்தில், பெல்ஜியம் எல்லை ஓரம். கடலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ‘மரீன்’ என்ற வார்த்தையைப் பார்த்துக் கடல் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நான் வாய் திறக்கவில்லை. தமிழில் ஒருமுறை படித்துச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த அம்மா போனை வாங்கித் தானும் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் பசேய் கதை கேட்டவர். காப்பி ஆறிப் போயிற்று. “படிவத்த கிழிச்சிடறேண்ணே” என்றார்.

மறுநாள் கர்னலிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. யுத்தம், தேதி, தளபதி பெயர் எல்லாம் அதில் சரியாக இருந்தது, கலைக்களஞ்சியம் மாதிரி. நேரம் கழித்துத் தேடியிருக்கிறான்.

இந்தச் சோதனை 2022இல் பலித்தது. இன்று நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பசேய் பற்றி ஒரு விநாடியில் பிழையில்லாத பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கும். ‘வூ’வும் ‘தூ’வும் சரியான இடத்தில் வரும். தமிழிலும் அப்படியே. இலக்கணப் பிழையை வைத்துத் திருடனைப் பிடித்த காலம் போய்விட்டது. வீடியோவில் முகத்தைப் பார்த்தேன் என்பதும் இனிச் சாட்சியாகாது, முகத்தையும் குரலையும் மாற்றிக் காட்டுகிறார்கள். மாறாமல் இருப்பது அவர்கள் நடத்தை மட்டும். நேரில் வரமாட்டான், வருகிற நாளில் விபத்தோ காய்ச்சலோ வரும். யாரிடமும் சொல்லாதே என்பான். எங்கே சுற்றினாலும் கடைசியில் பணத்தில் வந்து நிற்பான், அதுவும் இன்றைக்குள். அமெரிக்கச் சிப்பாய் என்று சொல்லி, லீவு கிடைக்கப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. எந்தப் படை வீரனும் லீவுக்கு வெளியாள் பணம் கட்டத் தேவையில்லை என்று அமெரிக்க ராணுவமே அறிவித்திருக்கிறது.

பிரெஞ்சு பேசும் நாடுகளில் இந்தத் தொழில் செய்பவர்களுக்கு ‘புரூத்தேர்’ என்று பெயர். மேய்பவன் என்று அர்த்தம். ஆடு நின்ற இடத்திலேயே புல்லைத் தின்பது போல, உட்கார்ந்த இடத்திலேயே பிழைப்பவன். ஐவரி கோஸ்டில் பிறந்த சொல். ஆனால் அந்த நாட்டுக்காரர்களையே குறை சொல்வது நியாயமில்லை, அங்கேயும் போலீஸ் இவர்களைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பார்க்கப்போனால் இந்த வித்தையைப் பிரெஞ்சுக்காரர்களே இருநூறு வருடம் முன்னால் செய்திருக்கிறார்கள். விதோக் என்பவர் கைதியாக இருந்து பின்னால் பாரிஸ் துப்பறியும் போலீஸுக்குத் தலைவரானவர். சிறையிலிருந்து எழுதப்படும் ‘ழெருசலேம் கடிதங்கள்’ பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார். புரட்சியின்போது ஓடிய பிரபுவின் வேலைக்காரன் நான், நகைப் பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு குளத்தில் போட்டிருக்கிறோம், கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன் என்று பணக்காரர்களுக்குக் கடிதம் போகுமாம். குளத்துக்குப் பதில் இப்போது சுங்கச்சாவடி.

நம் நாட்டில் அதிகம் நடப்பது பார்சல் கதை. லண்டன் டாக்டர் ஒருவர் நகையும் பவுண்டு நோட்டும் பார்சலில் அனுப்பினாராம். இரண்டு நாள் கழித்து டெல்லி விமான நிலையக் கஸ்டம்ஸிலிருந்து ஒரு பெண் போன் செய்வாள். 35,000 கட்டு, இல்லாவிட்டால் கேஸ் என்பாள். நான் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் ஒரு தனி மனிதரின் சேமிப்புக் கணக்குக்கோ கூகுள் பே எண்ணுக்கோ போகாது. கஸ்டம்ஸ் அனுப்பும் எந்தக் கடிதத்துக்கும் 2019 முதல் ‘டின்’ என்ற ஆவண எண் இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

இன்னொரு வகை இன்னும் மோசம். இவள் பணமே கேட்கமாட்டாள். நட்பாகப் பேசி, நான் பங்கு வர்த்தகத்தில் சம்பாதிக்கிறேன், நீங்களும் இந்தச் செயலியில் போடுங்கள் என்பாள். ஐயாயிரம் போட்டால் ஆறாயிரம் என்று காட்டும். எடுக்கவும் விடுவார்கள், முதல் தடவை. பெரிய தொகை போட்ட பிறகு எடுக்கப் போனால் வரி கட்டு என்பார்கள். இங்கே ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், ஓய்வூதியப் பணம் மொத்தமாக வந்த ஆண்கள். அதனால் வாசகர்களில் மீசை வைத்தவர்கள் ‘பொம்பளைங்கதான் ஏமாறுவாங்க’ என்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டச்சு செய்பவனும் எல்லா நேரமும் திருடன் இல்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்நாட்டுப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடியில் அடைத்து, அடித்து, இந்த வேலையைச் செய்யவைத்தார்கள். 2022இல் இந்திய அரசு பலரை மீட்டுக் கொண்டுவந்தது.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. நாடு முழுக்க இதே எண்தான். போலீஸ் வங்கிக்குச் சொல்லி, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். அதனால் மணிக்கணக்கு முக்கியம், ‘மகன் வரட்டும்’ என்று இரண்டு நாள் உட்கார்ந்திருக்கக் கூடாது. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை கையில் இருக்கட்டும். வெட்கத்தில் பேச்சுகளை அழித்துவிடுவார்கள், அழிக்கக் கூடாது, அதுதான் ஆதாரம். பிறகு, பணம் போனது தெரிந்து ‘மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு’ என்று வக்கீல், இன்டர்போல் என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான். ஏமாந்தவர்களின் பட்டியலையே இவர்கள் விற்பார்கள்.

அந்த அம்மாவின் 3,450 யூரோ திரும்பவில்லை. போனது பிரான்ஸ் வங்கிக் கணக்கிலிருந்து, அதுவும் சில மாதம் முன்பு. வங்கி புகாரை எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். மகனிடம் சொல்லச் சொன்னேன். மூன்று வாரம் தள்ளிப் போட்டார். கடைசியில் என் வீட்டில் உட்கார்ந்துதான் போன் செய்தார். மகன் கத்தியது எனக்கு இந்தப் பக்க நாற்காலியில் கேட்டது. அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் ஏழு மாதம் மறைத்திருக்கிறார். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை அவர்களுக்கு அனுப்புங்கள். அம்மா அப்பாவிடம் வாரம் ஒருமுறை போனில் கேட்கும் முதல் கேள்வி ‘பென்சன் வந்துச்சா’ என்று இருக்க வேண்டாம்.

இதை எழுதலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். பெயரும் தெருவும் வேண்டாம், மற்றது எழுதுங்கள் என்றார். எழுதி முடித்து நேற்று படித்துக் காட்டினேன். தொகையையும் மகன் கத்தியதையும் அப்படியே விடச் சொன்னார். ஒரே ஒரு திருத்தம்தான். நான் மரியாதைக்காகக் கர்னலை ‘அவர்’ என்றே எழுதியிருந்தேன். “எல்லா எடத்துலயும் அவன்னு மாத்திடுங்கண்ணே” என்றார். மாற்றிவிட்டேன்.